வர்ஷிகா பிசைந்த சோறு

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. சத்தமாகச் சொல்ல முடியாது. பிள்ளை சாப்பிட உட்கார்ந்துவிட்டாள், அவளைப் பற்றி அவள் காதில் விழுகிற மாதிரி பேசினால் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பாள். அதனால் வாயைத் திறக்காமல் மனசுக்குள்ளேயே சொல்கிறேன், நீங்களும் அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு சாப்பாட்டு நேரம்தான். அதற்குள் என் தம்பி நாயகம் போன் போட்டுவிடுவான். மினிபஸ் ஓட்டுகிறான், கிராமத்தைச் சுற்றிவிட்டுக் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் வண்டியைப் போட்டதும் கூப்பிட்டு, அக்கா என்ன சொல்லலாம்னு கேட்பான். நான் ஒன்று சொல்லியாக வேண்டும், அதை அவன் இன்றைக்கே மதுரை ஆஸ்பத்திரிக்குச் சொல்லியாக வேண்டும். பிள்ளை முதுகில் கம்பி வைக்கலாமா வேண்டாமா, அதுதான் கேள்வி. சரியென்றால் அடுத்த வாரம் கொண்டுபோய்ச் சேர்க்கணும். வேண்டாமென்றால் அந்த இடத்துக்கு வேறொரு பிள்ளையைக் கூப்பிட்டுவிடுவார்கள், காத்திருக்கிறவர்கள் அத்தனை பேர். நாள் பூராவும் அவளோடு இருக்கிறது நான்தானாம், அதனால் என் வாயிலிருந்து வரணுமாம். எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும். சத்துணவுக்கூடத்தில் ஆயாவாக இருந்து ஓய்வு வாங்கினவள். எத்தனையோ பிள்ளைகளுக்குச் சோறு போட்டிருக்கிறேன், முதுகில் கம்பி வைக்கலாமான்னு ஒரு பிள்ளையும் என்னைக் கேட்டதில்லை. ஆனால் காது நல்ல காது. அடுத்த வீட்டு உலை கொதிக்கிறது இங்கே கேட்கும். இப்போது இவள் மூச்சு கேட்கிறது. இடது பக்கம் சுத்தமாகப் போய் வருகிறது, வலது பக்கம் வரும்போது ஓரத்தில் ஒரு சின்னச் சீட்டி. போன வருசம் இந்தச் சீட்டி இல்லை.

பெயர் வர்ஷிகா. தமயந்தி வைத்த பெயர், அதாவது தம்பி பெண்டாட்டி, இப்போது வேலைக்குப் போயிருக்கிறாள். என் வாயில் அது வருசியாகத்தான் வரும், பிள்ளை அதற்கும் திரும்பிப் பார்ப்பாள். பதினோரு வயசு. சுவர் மூலையில் ரெண்டு பக்கமும் தலையணை கொடுத்து உட்கார்ந்திருக்கிறாள், முன்னால் மணைப்பலகை, அதன்மேல் தட்டு, தட்டில் ரசம் சோறு, ஓரத்தில் கொஞ்சம் உப்பு. பிசைகிறாள். பிசைகிறதற்கே எவ்வளவு நேரம் எடுப்பாள்னு நினைக்கிறீர்கள். விரலில் பலம் கிடையாது, ஆனால் விரலுக்குத் தெரியும். சோறு முழுசாக மசியக்கூடாது, பருக்கை பாதி உடையணும், ரசம் மேலே நிற்கக்கூடாது. அப்புறம் காராச்சேவு. அதை ரெண்டு தடவையாகப் போடுவாள். முதலில் கொஞ்சம் நொறுக்கிப் போட்டு ஊற விடுவாள், அது நமுத்ததும் இன்னும் கொஞ்சம். பாதி நமுத்திருக்கணும், பாதி நொறுநொறுன்னு இருக்கணும், அதுதான் அவள் கணக்கு. ஊறட்டும்னு இப்போது காத்திருக்கிறாள். நான் கை கொடுக்கக்கூடாது. கொடுத்தால் கோபம் வரும், கோபத்தில் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் அந்தச் சீட்டி பெரிசாகும். அதனால் என் கையை என் மடியிலேயே வைத்திருக்கிறேன். ஊட்டிப் பழகின கை, மடியில் சும்மா கிடக்கிறதற்கு அதற்கு ரொம்பக் கஷ்டம்.

நமக்குச் சோறு வாய்க்கு வருகிறது. இவளுக்கு வாய் சோற்றுக்குப் போகணும். கை தட்டைவிட்டு ஒரு சாண்கூட மேலே வராது. முழங்கையை மணையில் ஊன்றி, இடது கையைத் தொடையில் கொடுத்து, கழுத்தும் முதுகும் சேர்ந்து வாழைத்தார் சரிகிற மாதிரி மெள்ளச் சரிவாள். வாய் கையைத் தொட்டதும் வாங்கிக்கொள்வாள். எழுந்திருக்கிறதுதான் பெரிய வேலை, இடது கை விரல் அஞ்சும் தொடையில் நண்டு மாதிரி ஊர்ந்து ஊர்ந்து உடம்பை மேலே தள்ளும். மேலே வந்ததும் ஒரு மூச்சு, அப்புறம் அடுத்த வாய். பிறந்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. தவழுகிற வயசில் தவழவில்லை, சோம்பேறிப் பிள்ளைன்னு சிரித்தோம். அப்புறம் டாக்டர்கள் மூணு இங்கிலீஷ் எழுத்தில் ஒரு பேர் சொன்னார்கள். நரம்பு சொல்றதைச் சதை கேட்காதாம், கேட்காமலே கேட்காமலே சதை கரைந்துபோகுமாம். அப்பாவிடம் பாதி, அம்மாவிடம் பாதி இருந்து, ரெண்டும் பிள்ளையிடம் வந்து சேர்ந்துகொண்டதாம். சொந்தத்தில் கட்டினால் இப்படித்தான்னு தெருவில் சொன்னார்கள். தமயந்தி அசல், பெருந்துறைப் பக்கம், எங்களுக்கும் அவர்களுக்கும் எந்தத் தலைமுறையிலும் சம்பந்தம் கிடையாது. சொல்கிறவர்களிடம் அதைச் சொன்னால் அப்படியான்னு கேட்டுவிட்டு அடுத்த வீட்டில் போய் அதையே சொல்வார்கள். ஆயுசு எவ்வளவுன்னு டாக்டரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இருக்கிற வரைக்கும் நல்லா வச்சுக்கங்கன்னு ஒரு டாக்டரம்மா சொன்னார், அதிலேயே எல்லாம் இருந்தது. இருக்கிற வரைக்கும். எல்லோருக்கும் அதுதானேன்னு நான் அன்றைக்குப் பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்தேன். அப்படி நினைத்தால் கொஞ்சம் லேசாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் லேசு போய்விட்டது.

முதுகு வளைந்துகொண்டே வருகிறது, அதுதான் இப்போது விஷயம். சதை பிடித்துக்கொள்ளாததால் எலும்பு தன்பாட்டில் சரிகிறது. எக்ஸ்ரே படத்தில் முருங்கைக்காய் மாதிரி இருந்தது, வளைந்த முருங்கைக்காய். வளைந்த பக்கத்து நுரையீரல் நசுங்குகிறது. சாயங்காலமானால் முதுகு வலிக்குதுன்னு படுக்கவைக்கச் சொல்வாள். போன தீபாவளிக்கு மத்தாப்பு முடிகிற வரைக்கும் வாசலில் உட்கார்ந்திருந்தவள், இப்போது ஒரு நாடகம் முடிகிறதற்குள்ளே சாய்ந்துவிடுகிறாள். கம்பி வைத்தால் நிமிர்ந்துவிடுமாம். கழுத்துக்குக் கீழிருந்து இடுப்பு வரைக்கும் ரெண்டு கம்பி, திருகாணி போட்டு. எலும்பு டாக்டர் நல்ல மனுசன், மறைத்துப் பேசவில்லை. ஆயுசைக் கூட்டும்னு நான் சொல்லமாட்டேன், உட்காருறதைக் கூட்டும்னு தம்பியிடம் சொல்லியிருக்கிறார். ஆபரேசன் முடிந்து மூச்சு மிஷினிலிருந்து இறக்குகிறதில் சிக்கல் வரலாம், இறக்கவே முடியாமலும் போகலாம், அதையும் சொல்லியிருக்கிறார். தமயந்தி காதில் முதல் பாதிதான் விழுந்தது. நிமிர்ந்துவிடுவாள். பிள்ளைக்குச் சடங்கு வைக்கிற வயசு நெருங்குகிறது, பெருந்துறையிலிருந்து தாய்மாமன் சீர் கொண்டுவருவான், பட்டுச் சேலை கட்டி, மாலை போட்டு, ஜோடித்த நாற்காலியில் பிள்ளை உட்காரணும். மதினி, ஒரு போட்டோவுல நேரா உக்காந்துரட்டும், எனக்கு அது போதும்னு என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு அரிசி களைந்துகொண்டே இருந்தாள், களைந்த தண்ணீர் தெளிந்த பிறகும். போட்டோவுக்காக ஒரு பிள்ளையை அறுக்கிறதான்னு எனக்குச் சுருக்கென்றது. அடுத்த நிமிசமே அந்த எண்ணம் தப்பாகத் தெரிந்தது. போட்டோ இருந்தால் அவளுக்குப் பிறகு அது இருக்கும். தாய் அதை யோசித்திருக்கிறாள், நான் யோசிக்கவில்லை. இப்படித்தான் எனக்கு நாலு நாளாக, ஒரு எண்ணம் வரும், அதன் பின்னாலேயே அதை அடிக்க இன்னொன்று வரும்.

ஒரு வார்த்தை மட்டும் அடிபடாமல் உள்ளேயே கிடக்கிறது, பல்லிடுக்கில் சிக்கின நார் மாதிரி. நஷ்டம். மதுரையிலிருந்து திரும்புகிறபோது பஸ்ஸில் தமயந்தி சொன்னாள். டாக்டர் அறைக்குள் தாய் தகப்பனை மட்டும்தான் விட்டார்கள், நான் வெளியே கூடத்தில் பிள்ளையோடு இருந்தேன். உள்ளே டாக்டர் என்னென்னவோ கேட்டாராம், தூங்குவாளா, சளி பிடிக்குமா, எழுதுவாளா. தானா சாப்பிடுவாளான்னும் கேட்டாராம். தமயந்தி சட்டென்று, நாங்கதான் சார் ஊட்டுவோம், ஒரு பருக்கை கீழ விழ விடமாட்டோம்னு சொன்னாளாம். அப்போ பெரிய நஷ்டம் ஒண்ணும் இல்லம்மான்னு டாக்டர் சொல்லி எழுதிக்கொண்டாராம். அதை என்னிடம் பெருமையாகச் சொன்னாள், டாக்டர் பாராட்டின மாதிரி. நாயகமும் பக்கத்தில்தான் இருந்திருக்கிறான், அவன் திருத்தவில்லை. அவனுக்கு அது பொய்யாகவே படவில்லை. ஏன் படவில்லைன்னு சொல்கிறேன், எங்கள் வீட்டு வழக்கம் அப்படி. வீட்டில் இவள் தானாகச் சாப்பிடுவாள். வெளியே போனால் நாங்கள் ஊட்டுவோம். ஒரு காதுகுத்து வீட்டில் இவள் பந்தியில் சரிந்து சரிந்து சாப்பிட்டதைப் பார்த்துத் தமயந்திக்குச் சின்னம்மா முறை ஆகிறவள், இந்த வீட்டுல பிள்ளைக்கு ஊட்ட ஒரு ஆளுக்கு நேரமில்லையா, இலையில மூஞ்சிய வச்சுத் திங்க விட்டிருக்கீகளேன்னு நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அடுத்தவர் கண்முன்னால் ஊட்டல்தான். பிள்ளையே அதற்குப் பேர் வைத்திருக்கிறாள், வெளிச் சாப்பாடு, வீட்டுச் சாப்பாடுன்னு. வெளிச் சாப்பாட்டில் நாலு வாய்க்குமேல் வாங்கமாட்டாள். டாக்டரும் வெளி ஆள்தானே. அதனால் வெளிக்குச் சொல்கிற பதில் வந்துவிட்டது. அது சரி, டாக்டர் ஏன் அதைக் கேட்டார், நஷ்டம்னா என்ன நஷ்டம், அதுதான் எனக்கு விளங்கவில்லை. ஊட்டுகிறோம்னா நஷ்டமில்லை. ஊட்டவில்லைன்னா?

ரயில் போகிறது. சரக்கு ரயில், சத்தத்திலேயே தெரியும், பெட்டிக்குப் பெட்டி ஒரே கனம். அது போகிற வரைக்கும் இவள் மூச்சு எனக்குக் கேட்காது, அந்த நேரத்தில் அவள் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருப்பேன், ஏறி இறங்குகிறதான்னு. ஏறி இறங்குகிறது. அந்த மதுரைக் கூடத்தில் ஆண்டிபட்டிப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். சக்கர நாற்காலியில் கம்பு மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், இவளுக்கு மூணு வயசு மூத்தவள், இதே நோய், கம்பி வைத்து ஒரு வருசம் ஆகிறதாம். வருசி என்னைத் தண்ணீர் பிடிக்க அனுப்பிவிட்டு அவளிடம் பேச்சுக் கொடுத்தாள். காது இருக்கிறதே, குழாயடியிலிருந்தே கேட்டேன். வலிச்சுச்சாக்கான்னு இவள் கேட்டாள். ரொம்ப, அப்புறம் போயிருச்சு, இப்ப சினிமா பூரா உக்காந்து பாப்பேன்னு அவள் சொன்னாள். ராத்திரி நல்லாத் தூங்குவேன், ஸ்கூல்ல எல்லாரும் நீ வளந்துட்டேங்காங்கன்னும் சொன்னாள். அதற்கு இவள், சோறு யாரு பிசைவாங்கன்னு கேட்டாள். அம்மாதான், வேற ருசியா இருக்கும், பழகிரும்னு அவள் சொன்னாள். பழகிருச்சான்னு இவள் கேட்டாள். அதற்கு அந்தப் பிள்ளை சிரித்தாள். பதில் சொல்கிறதற்குள் அவள் அம்மா டிபன் டப்பாவோடு வந்து இட்லியைப் பிட்டு வாயில் வைத்துவிட்டாள். சோறு யார் பிசைவாங்கன்னு இவள் ஏன் கேட்டாள்னு எனக்கு அப்போது தோன்றவில்லை. சின்னப் பிள்ளைகள் என்னத்தையாவது கேட்கும்னு விட்டுவிட்டேன். அங்கிருந்து வந்ததிலிருந்து இவள் ஒன்றும் கேட்கவில்லை, நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு எதுவும் தெரியாதுன்னு தாயும் தகப்பனும் நினைக்கிறார்கள். அடுப்படியில் குசுகுசுவென்று பேசுகிறார்கள். என் காது யார் காதிலிருந்து வந்தது, இவள் காது யார் காதிலிருந்து வந்ததுன்னு அவர்கள் யோசிக்கிறதில்லை.

சேவு ஊறிவிட்டது. குனியப்போகிறாள்னு பார்த்தால் குனியவில்லை. கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, அத்தை, அந்தப் பரீட்சை அட்டைய எடு, ரெண்டையும் என்றாள். எதுக்கு தாயி, சாப்பிடு முதல்ல என்றேன். எடு, சொல்றேன் என்றாள். எடுத்தேன். உன் பழைய சேலையையும் எடு. எடுத்தேன். ரெண்டு அட்டையையும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தன் முதுகில் வைத்து, நெஞ்சோடு சேர்த்துச் சேலையால் சுற்றிக் கட்டச் சொன்னாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வலிக்குமேடின்னேன். டாக்டர் வச்சா இதவிட வலிக்கும், கட்டு என்றாள். தலையணையை நகர்த்தி, அட்டையைக் கொடுத்து, நெஞ்சுக்கு மேலே ஒரு சுற்று, வயிற்றில் ஒரு சுற்று, மூச்சு நிற்காத அளவுக்கு இறுக்கினேன். வளைவு நிமிரவில்லை, அட்டைக்கு நிமிர்த்தத் தெரியாது. வளைவு வளைவாகவே இருந்தது, ஆனால் குனிய முடியாது. அவளுக்குத் தெரியவேண்டியது அவ்வளவுதான். ஒரு உருண்டை உருட்டினாள். முழங்கையை மணையில் ஊன்றினாள். வழக்கம்போலக் கழுத்து இறங்கப் பார்த்தது, சேலை பிடித்துக்கொண்டது. கையை மேலே கொண்டுவந்தாள், தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் வந்து நின்றது. வாய் மேலே, கை கீழே. நடுவில் என் ஒரு சாண் இருக்கும். கை நடுங்கிக்கொண்டே அங்கே நின்றது, நின்றுவிட்டு மறுபடியும் தட்டுக்கே போனது. மணைக்கு மேலே தாம்பாளத்தைக் கவிழ்த்து வையின்னாள், வைத்தேன், தட்டு ஏறியது, ஆனால் முழங்கைக்கு ஊன்றுகோல் போய்விட்டது. குண்டானை வைத்தோம், சேவு டின்னை வைத்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு முயற்சி, ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு மூச்சு. வாயும் கையும் கிட்டக்கிட்ட வந்தன, சேரவில்லை. அவள் அழவில்லை. சரி என்றாள், கணக்குப் போட்டுப் பார்த்தவள் மாதிரி.

அப்போ பெரிய நஷ்டம் ஒண்ணும் இல்லம்மா. இதுதான் அது. டாக்டர் இதைத்தான் கேட்டிருக்கிறார். தானாகச் சாப்பிடுகிற பிள்ளையென்றால் அது போய்விடும், அதை யோசிக்கணும்னு அவர் சொல்லியிருப்பார், தமயந்தி அதற்கு முன்னாலேயே கதவைச் சாத்திவிட்டாள். யாரைக் குறை சொல்ல. ஊட்டாத தாய்னு பேர் வாங்கினவள் ஊட்டுகிறேன்னு சொன்னாள். இனி இதை நான் தம்பியிடம் சொன்னால் அவள் டாக்டரிடம் பொய் சொன்னவள் ஆகிவிடுவாள். சொல்லி, அதனால் கம்பி வேண்டாம்னு ஆகி, நாளைக்கு அந்தச் சீட்டி ரெண்டு பக்கமும் வந்துவிட்டால், சாப்பிடுகிற ருசிக்காக மூச்சை விட்டோம்னு ஆகும், என் வாய்தான் அதைச் சொன்ன வாய் ஆகும். சொல்லாமல் விட்டால்? இவள் நிமிர்ந்து உட்காருவாள், வலி இருக்காது, தட்டு என் கைக்கு வரும். ஆமாம், அதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன், ஒளிக்கிறதில் என்ன இருக்கிறது, எனக்குள் ஒன்று அதற்கு ஆசைப்படுகிறது. இந்த மடியில் கிடக்கிற கை. பிசைந்து, உருட்டி, ஆ காட்டுன்னு சொல்லி, ஒரு கதை சொல்லிக்கொண்டே தட்டைக் காலி பண்ணிவிடலாம். இவளும் வாயைத் திறப்பாள், வேறு வழியில்லாமல். வெளிச் சாப்பாடு மாதிரி. நாள் பூராவும் வெளிச் சாப்பாடு, சொந்த வீட்டிலேயே. நாலு வாய்க்குமேல் வாங்கமாட்டாளே. பழகிருமாம். பழகிருச்சான்னு கேட்டதற்கு அந்தப் பிள்ளை சிரித்ததே. நிமிர்ந்து உட்கார்ந்து சிரித்தது. நன்றாகத்தான் இருந்தது அந்தப் பிள்ளை, அதையும் மறக்கக்கூடாது. சுற்றிச் சுற்றி இங்கேயே வந்து நிற்கிறேன், செக்குமாடு மாதிரி.

அத்தை, எங்க போயிட்ட, போனை எடு என்றாள் வருசி. அடிக்கவே இல்லையேன்னு எடுத்தேன். வீடியோ எடுக்கச் சொல்கிறாள். எனக்கு அது வராது, எங்கே அமுக்கணும்னு சொன்னாள், அந்தச் சிவப்புல, விரல கண்ணாடிக்கு முன்னால கொண்டுவராத, ஆட்டாத. கட்டின கட்டோடேயே ஒரு உருண்டை எடுத்து, கை நடுவில் நிற்கிறதை எனக்குக் காட்டுகிற மாதிரியே போனுக்கும் காட்டினாள். அவுத்துவிடு என்றாள். அவிழ்த்தேன். அட்டை பட்ட இடம் சிவந்திருந்தது. ஒரு மூச்சு விட்டுவிட்டு வழக்கம்போலச் சரிந்து, வாய் கையைத் தொட்டு, வாங்கி, மென்று, நண்டு விரல் ஊர்ந்து எழுந்து உட்கார்ந்தாள். மெல்லுகிற சத்தம்கூடப் பதிந்திருக்கும், அவ்வளவு கிட்டத்தில் பிடித்தேன். அதைத் தகப்பனுக்கு அனுப்பினாள், கூடவே வாயால் பேசி ஒரு சேதியும். அப்பா, இதை டாக்டருக்கு அனுப்புங்க, நான் வீட்டுல தானாத்தான் சாப்பிடுவேன்னு சொல்லுங்க, அம்மாவைத் திட்டக்கூடாது. அவ்வளவுதான் பேசினாள். அனுப்பிவிட்டு ஊறின சோற்றில் ரெண்டாவது பங்கு சேவைப் போட்டு, சரிந்து சரிந்து வாய் வாயாகச் சாப்பிட்டாள்.

போன் அடித்தது. காதில் வைத்தேன், நாயகம்தான். வண்டி எஞ்சின் நின்றிருக்கிறது, பஸ் ஸ்டாண்டில் முறுக்கு விற்கிறவன் கத்துகிறான், யாரோ ஒருத்தி எப்பண்ணே வண்டி எடுப்பீகன்னு கேட்கிறாள். அப்புறம், அக்கா, இத டாக்டர்ட்ட நாங்க சொல்லலையேக்கா என்றான். இப்ப சொல்லிரு என்றேன். என்ன சொல்லன்னான். பிள்ளை கையை நீட்டினாள், போனை அவள் காதில் வைத்தேன். அப்பா, எனக்கு முதுகு வலிக்குதுதான் என்றாள், மூச்சு இழுத்துக்கொண்டாள். வேணாம்னு சொல்லலை. டாக்டர் வீடியோவைப் பாத்துட்டு என்ட்ட பேசணும், உங்ககிட்ட இல்ல. அதுக்கப்புறம் சொல்றேன். அந்தப் பக்கம் அவன் ம்னு சொன்னதும், அந்த ம் பாதியில் உடைந்ததும் போன் என் கையில் இருந்ததால் எனக்கும் கேட்டது. இந்தத் தடவை நம்ம முறை போயிட்டா என்ன தாயின்னு கேட்டான். போனா போகட்டும், அடுத்த தடவைக்கு நிப்போம் என்றாள். இந்தா டாக்டருக்கு அனுப்பிட்டேன்னு அவன் சொல்லிவிட்டு வைத்தான். வைக்கிறதற்கு முன்னால் எஞ்சின் கிளம்பின சத்தம் கேட்டது. முறை தள்ளிப்போனால் அதற்குள் வளைவு கூடும், அதுவும் டாக்டர் சொன்னதுதான். பிள்ளைக்கு அதுவும் தெரிந்திருக்கும். அடுப்படிக் குசுகுசுவில் எது தவறியது அவள் காதுக்கு.

தட்டில் இன்னும் மூணு நாலு வாய் இருக்கிறது. சாப்பிடப் போகிறாள்னு நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். மறுபடியும் கட்டு என்றாள். ஐயோ வேண்டாம், அதான் பாத்தாச்சேன்னேன். இது வேற, கட்டு என்றாள். சிவந்த இடத்தில் ஒரு துண்டை மடித்து வைத்து, அதன்மேல் அட்டையை வைத்து, மெள்ளக் கட்டினேன். உருண்டை உருட்டினாள். கை மேலே வந்து அதே இடத்தில் நின்றது, நடுவில், நடுங்கிக்கொண்டு. இதுக்கு மேல வராது, நீ குனி என்றாள். முட்டி வலிக்கிற காலை மடக்கி, கையை ஊன்றி, அவள் கை எட்டுகிற இடம் வரைக்கும் குனிந்தேன். வாயில் வைத்தாள். இத்தனை வருசத்தில் இவள் பிசைந்த சோறு என் வாய்க்கு வந்ததே இல்லை. புளிப்பு முதலில், அப்புறம் நமுத்த சேவு, அப்புறம் நமுக்காத சேவு ஒன்று பல்லில் உடைந்தது. உப்பு ஒரு கல் கூடுதல். ரசத்துக்கு நான் போடுகிற உப்பு இல்லை இது, இவளாகத் தொட்டுக்கொண்ட உப்பு. மென்றுகொண்டே நிமிரப்போனேன். எந்திரிக்காத என்றாள். இந்த ருசிய ஞாபகம் வச்சுக்க அத்தை, ஒருவேளை கம்பி வச்சா நீதான் பிசையணும், அப்ப இப்படி இருக்கணும். சரி தாயின்னேன், வாய் நிறைய இருந்ததால் சரியாக வரவில்லை. நீ உப்பைச் சரியாப் பிடிச்சிருக்கமாட்ட, இன்னொரு வாய் வாங்கு என்று சொல்லிவிட்டு, தட்டின் ஓரத்தில் ஒரு விரலால் உப்பைத் தொட்டு, அடுத்த உருண்டையை உருட்ட ஆரம்பித்தாள்.